பத்தாவது ஆள்

ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். யூத வழக்கப்படி, பத்து ஆண்கள் கூடாமல் இறந்த தகப்பனாருக்கான ஜெபத்தைச் சொல்ல முடியாது. இன்று அப்பாவின் நினைவு நாள். சன்சோனே நவாரோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜெபக்கூடத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"ரொட்டிக்கடை ஜாக்கோபே எங்கே? ஒரு வருஷமும் தவறமாட்டானே."

"இடுப்புப் பிடிப்பாம்," என்றான் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெனெதெத்தோ. "பொழுது சாயறதுக்குள்ள ஒரு ஆள் வேணும். கீழே உங்க தம்பி வெளியூர்க்காரங்களுக்குத் தெருவைச் சுத்திக் காட்டிட்டிருக்காரு. அவரும் யூதர்தானே."

"குடும்ப மானத்தை டிக்கெட் போட்டு விக்கிறவன் எனக்குத் தம்பி இல்லை. வேணும்னா அவன் கூட்டத்திலேருந்தே ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்."

வெனிஸ் யூதர் சதுக்கத்தில், உயர்த்திய குடையோடு போய்க்கொண்டிருந்த ஈசாக்கோவின் கூட்டத்துக்குப் பின்னால் சன்சோனே நிமிர்ந்த முதுகோடு சேர்ந்துகொண்டார். அண்ணனைப் பார்த்தும் ஈசாக்கோ பேச்சை நிறுத்தவில்லை. பல வருடங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நீ யூதனா என்று ஒருவரைக் கேட்பது கௌரவக் குறைச்சல். கேட்கவும் வேண்டாம். வாசல் நிலையில் பதித்த வேதச்சுருளைத் தொட்டு முத்தமிடாமல் யூதன் உள்ளே நுழைய மாட்டான். சன்சோனே புத்தகக் கடை வாசலில் காத்து நின்றார். ஒரு வழுக்கைத் தலையரின் கை நிலைக்கு உயர்ந்தது. சன்சோனே அதைப் பற்றிக்கொண்டார்.

"வாங்க சகோதரா, மேலே போகலாம்."

"கொசு," என்றார் வழுக்கையர், உள்ளங்கையைக் காட்டி.

அடுத்து, யூதர்கள் தொடாத பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை ஒருவர் வேண்டாமென்று தள்ளினார். சன்சோனே அவரை நெருங்கினார்.

"உங்க ஊர்ல எந்த ஜெபக்கூடம்?"

"எனக்குப் பித்தப்பையில கல், ஐயா."

அவர் மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக சன்சோனே எபிரேயத்தில் ஒரு வேதப் பாடலை முணுமுணுத்தார். பின்னாலிருந்து ஒருவர் பிழையில்லாமல் அடுத்த வரியைச் சொன்னார். சன்சோனேவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாதான் உங்களை அனுப்பியிருக்கணும்," என்றார்.

அந்த மனிதர் மேலங்கிப் பொத்தானைக் கழற்றி வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் காட்டினார். "பதுவாவில பாதிரியார். எபிரேயம் நான் விரும்பிப் படிச்சது."

இப்போது எல்லோரும் சன்சோனேவைப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க. என் அண்ணன்தான்," என்றார் ஈசாக்கோ. "டிக்கெட்டில சேர்த்தி."

கூட்டம் சிரித்தது. சன்சோனே திரும்பிப் போயிருப்பார். ஆனால் ஈசாக்கோவின் குடை ஐந்தாம் மாடி ஜன்னலைக் காட்டியது.

"அங்கேருந்து எங்க அப்பா பச்சைக் கயித்துல கூடை இறக்குவார். ரொட்டியை வெச்சிட்டு நாங்க விசிலடிக்கணும். பதில் விசில் அடிச்சிட்டுத்தான் இழுப்பார். இப்படி."

ஈசாக்கோ விசிலடித்தார். ஏறி, இறங்கி, கடைசியில் கொஞ்சம் இழுக்கும் விசில். அப்பா போன பிறகு சன்சோனே அதைக் கேட்டதில்லை. ஜன்னல் மூடியேதான் இருந்தது.

"கயிறு சிவப்பு," என்றார் சன்சோனே.

"சிவப்பு அறுந்துபோச்சு அண்ணா. நீங்க அப்போ மிலான்ல படிச்சிட்டிருந்தீங்க. பச்சைக் கயிறு அப்பாவும் நானும் போய் வாங்கினது."

தான் அறியாத அப்பா ஒருவர் இவனிடம் இருக்கிறார் என்பது இத்தனை வருடம் சன்சோனேவுக்குத் தோன்றியதே இல்லை.

வெயில் கூரைக்கு ஏறிவிட்டது.

"மேலே என்னோட சேர்த்து ஒன்பது பேர்தான்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"கூப்பிடறீங்களா?"

"தகவல் சொல்றேன்."

"தகவலுக்கு நன்றி," என்று ஈசாக்கோ திரும்பினார்.

"ஈசாக்கோ. வாடா."

ஈசாக்கோ குடையைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு அண்ணனுக்கு முன்னால் படியேறினார்.

இரண்டு கிழக் குரல்கள் ஒன்றாக ஜெபத்தைச் சொல்லின. அப்பா எப்போதும் இடறும் அதே வார்த்தையில் இரண்டும் இடறின. கடைசி ஆமென் அடங்கியதும் பெனெதெத்தோ புத்தகத்தை மூடி, மேலே பெண்கள் உட்காரும் மாடத்தின் மரச்சட்டத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இறங்கி வா ஜாக்கோபே. மத்தியானத்திலேருந்து ஒளிஞ்சு உட்கார்ந்ததுல நிஜமாவே இடுப்புப் பிடிச்சிருக்கும்."