சந்தனம் பூசிய துவக்கு

"டிக்."

அவ்வளவுதான். வெடிக்க வேண்டிய துவக்கு, யாரோ வெட்கப்பட்டுக்கொண்டு வாசல் மணியை அமத்தியதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மான் தலையைத் தூக்கி, பனி விழும் மரங்களுக்கு நடுவே நின்ற மகேந்திரராசாவைப் பார்த்தது. பாவம் என்று நினைத்ததோ என்னவோ, மெல்ல நடந்து போனது.

குழலை எட்டப் பிடித்தபடி மகேந்திரராசா கொஞ்சம் காத்திருந்தார். பிந்தி வெடிக்கிற தோட்டாவும் உண்டு. இது வெடிக்கவில்லை. போல்ற்றை, அதுதான் கைபிடித்து இழுத்துத் தள்ளுகிற இரும்பு உருளையை, பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை எடுத்தார். அதன் அடியில் பொட்டுப்போல இருக்கும் பிரைமரில், நெருப்புப் பற்றுகிற இடத்தில், துவக்கின் ஊசி ஓங்கி அடித்திருக்க வேண்டும். அங்கே நுளம்பு கடித்த அளவுக்குத்தான் தடம். வேறு தோட்டா போட்டு மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பார்த்தார். அதற்கும் நுளம்புக்கடிதான்.

தோட்டாக்கள் அவரே செய்தவை. புரோசார்ட் நகரத்து வீட்டின் பேஸ்மென்றில் இருந்து, பச்சைப்பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற கவனத்தோடு வெடிமருந்தை நிறுத்து நிறுத்துப் போட்டவர். அதில் பிழை வராது. வரவும் கூடாது. ஏனென்றால் அவர் வந்து தங்கியிருந்த வேட்டைக் காம்பில், அந்தக் காட்டுக் குடிசையில், ஒரு கட்டில் காலியாக இருந்தது.

யன்னல் செய்கிற தொழிற்சாலையில் அவரும் பேனாட்டும் ஒரே மேசை. பல வருஷமாக "போன்ஜூர்", "மெர்சி" என்பதோடு சரி. இந்தக் கார்த்திகையில்தான் பேனாட், "எங்கடை காம்புக்கு வாவன். ஒரு கட்டில் சும்மா கிடக்கு. எல்லாருக்கும் ஒத்துவந்தால் வருஷா வருஷம் வரலாம்" என்றார். பேனாட் பேசுவது பிரெஞ்சுதான். எங்களுக்கு ஏன் அந்த வில்லங்கம், தமிழிலேயே கேளுங்கள்.

கனடாவுக்கு வந்து இத்தனை காலத்தில், காப்புறுதி விற்கிறவர்களைத் தவிர, இந்த நாடு அவரை 'வா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கட்டில் அவருக்கு வேண்டும்.

மனைவி ஜெயனிக்குப் போன் எடுத்தார்.

"ஜெயனி, ஆயுத பூசையண்டு துவக்குக்கு நீர் என்ன செய்தனீர்?"

"என்ன செய்யிறது? சந்தனம் வைச்சன். மிக்சிக்கு வைச்சன், காருக்கு வைச்சன். வீட்டிலை இருக்கிற ஒரே ஆயுதம் அது, அதுக்கு வைக்காமல் விடலாமோ?"

"எங்கை வைச்சனீர்?"

"அந்த உருளை கழண்டு தனியக் கிடந்தது. அதின்ரை முகத்திலை குட்டி ஓட்டை ஒண்டு. நல்லா உள்ளுக்குப் போகட்டும் எண்டு அமத்தி வைச்சன்."

"ஐயோ, அதுக்குள்ளாலைதானப்பா ஊசி வாறது!"

"இஞ்சேருங்கோ, அங்கை ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இங்கை நீங்கள் ஒண்டை வாங்கி வைச்சுக்கொண்டு, அது வெடிக்கேல்லையெண்டு அழுறியள். சந்தனத்தைக் குறை சொல்லாதேங்கோ!"

காம்புக்குத் திரும்பி, அடுப்பில் சுடுதண்ணீர் வைத்துப் போல்ற்றைக் கழுவினார். குடிசையெல்லாம் சந்தன வாசம். பேனாட்டின் மாமா, கிழவர் ஜில்பேர், கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "சேர்ச்சுக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு." மான் வந்ததையும் டிக் சத்தத்தையும் சொன்ன மகேந்திரராசா, சந்தனக் கதையை மட்டும் வெட்கத்தில் விழுங்கிவிட்டார்.

"டிக் எண்டு மட்டும்தான் சத்தம் வந்ததோ?" என்று கேட்டார் பேனாட்.

"ஓம். ஆனால் நாளைக்கு வெடிக்கும்."

பேனாட், கிழவர், அவர்களின் கூட்டாளிகள் இருவர் என்று குடிசையில் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அதை விடு மகேன். சூப்பைக் குடி" என்றார் பேனாட்.

மகேந்திரராசாவுக்குச் சூப் இறங்கவில்லை. அவர்களும் காட்டிலிருந்து வெறுங்கையோடுதான் வந்திருந்தார்கள், தொப்பியில் பனியும் முகத்தில் நித்திரையுமாக. ஆனால் அவர்களுக்கு மான் வாய்க்கவில்லை. இவருக்கோ மான் வாய்த்துத் துவக்கு வாய்க்கவில்லை. அதுதான் மானம் போகிற விஷயம்.

அடுத்த நாள் விடிய, பனி மா அரித்ததுபோல விழுந்துகொண்டிருந்தது. மான் வந்தது. விசையை இழுத்தார். "டிக்" கூட இல்லை. கழுவிய தண்ணீர் உள்ளே நின்று உறைந்து, ஊசி கல்லாகிவிட்டது.

போல்ற்றை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தார். இனித் தண்ணீர் அண்டக்கூடாது என்று, தலைக்குப் பூசக் கொண்டுவந்த தேங்காயெண்ணெயை உள்ளே தாராளமாக விட்டார். பின்னேரம் காட்டுக்குப் போனால், குளிரில் எண்ணெய் வெண்ணெய்போலத் திரண்டு, ஊசியைத் தொட்டில் பிள்ளைபோல அணைத்து வைத்திருந்தது.

"தேங்காயெண்ணெய் கனடாக் குளிருக்கு உறையுமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள் ஜெயனி போனில். "நான் குளியலறையிலை போத்திலைச் சுடுதண்ணிக்குள்ளை வைச்சுத்தானே தலைக்கு வைக்கிறனான்."

"அப்ப போல்ற்றை எதுக்குள்ளை வைக்கிறது?"

"கமக்கட்டுக்குள்ளை வையுங்கோ!"

அவள் நக்கலுக்குத்தான் சொன்னாள். அவர் வைத்தார்.

கடைசி நாள் காலை, போல்ற்றைக் கமக்கட்டில் இடுக்கியபடி மரத்தடியில் நின்றார். காடு மூச்சு விடாமல் இருந்தது. மான் இம்முறை கூச்சமே இல்லாமல் வந்தது. டிக் என்கிற மனிதன்தானே. அதன் இமையில் ஒரு பனித்துளி கரைவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், தான் எதற்கு வந்தோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்து போனது. பிறகு கட்டில் நினைவுக்கு வந்தது. இளஞ்சூட்டுப் போல்ற்றை மாட்டி, விசையை இழுத்தார்.

மலையே எழுந்து உட்கார்ந்ததுபோல ஒரு வெடி!

தோட்டா எங்கோ போனது. மான் வேறெங்கோ போனது. ஒரு பைன் மரத்துப் பனி முழுக்க மகேந்திரராசாவின் தலையில் விழுந்தது. போனால் போகட்டும், துவக்கு வெடித்துவிட்டது! பனியைத் தட்டவும் மறந்து குடிசைக்கு ஓடினார்.

"வெடிச்சிட்டுது! கேட்டதோ? வெடிச்சிட்டுது!"

நாலு பேரும் உள்ளுடுப்போடு வாசலில் நின்றார்கள், செத்த வீட்டில் நிற்பதுபோல. பேனாட் தலையில் கை வைத்திருந்தார். ஜில்பேர் கிழவர்தான் வாய் திறந்தார்:

"நாங்கள் எல்லாரும் துவக்கின்ரை ஊசியைக் கழற்றி வீட்டிலை வைச்சிட்டு, சுடாமல் சும்மா மான் பாக்க வாறனாங்கள், உன்ரையும் டிக் எண்டதாம் எண்டவுடனை, இவன் எங்கடை ஆள் எண்டு முதல்நாளே கட்டிலின்ரை அடிப்பலகையிலை உன்ரை பேரைச் செதுக்கிப்போட்டம், இப்ப அதை எப்பிடியடாப்பா அழிக்கிறது?"