ஓவியா எடுத்த ரேகை

தடயவியல் முதலாண்டுக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லையா? கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும். செமஸ்டர் விடுமுறைக்குப் பை நிறையக் கையுறையும் பழுப்பு உறையும் அடைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கும், வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே வீட்டுக்குள் எத்தனை பேர் என்று தப்பாகச் சொல்லும், சட்டையில் குழம்புக் கறையைக் கண்டால் "இது தெறித்ததா, சொட்டியதா?" என்று விசாரிக்கும், சவரம் பண்ணும்போது கன்னத்தைக் கீறிக்கொண்ட சித்தப்பாவிடம், தாக்கியவன் இடதுகைக்காரன் என்று அடித்துச் சொல்லும். ஆய்வகத்தில் வேலை கிடைக்க ஒன்றரை வருடப் படிப்பும் ஒரு தேர்வும் பாக்கி. அதனாலென்ன? தோரணை முதல் வாரமே வந்துவிடுகிறது.

சுருளிப்பட்டி ஓவியா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். சென்னையிலிருந்து வந்த அன்றே, தடயப் பொருளைப் பொதியும் முறையைப் பழகிப் பார்த்தாள். சீப்பு, தீப்பெட்டி, அப்பாவின் பைக் சாவி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் உறையிலிட்டு ஒட்டி, எண், இடம், நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு வைத்தாள். மொத்தம் பதினான்கு உறைகள். அப்பா தவசி ஒரு நாள் முழுக்கச் சாவியைத் தேடினார். கடைசியில் மகளிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அம்மா அன்னத்தாயின் தோட்டைக் காணோம். பீரோவை விட ஏலக்காய் டப்பாதான் பத்திரம் என்பது அன்னத்தாயின் கொள்கை. இப்போது டப்பாவில் ஏலக்காய் மட்டும் இருந்தது. சமையலறைக்குள் வந்துபோகிற வெளியாள் ஒருத்திதான். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தில் இருபது வருடமாகப் பந்தல் வேலை செய்யும் இருளம்மாள், கூட வேலை செய்யும் பெண்களுக்கு டீ வாங்கிப் போக வருவாள்.

"யாரும் டப்பாவத் தொடாதீக!"

ஓவியா கையுறை மாட்டினாள். பொடி தூவினாள். மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷால் வருடினாள். மூடியின் மேல் ஒரு பெருவிரல் ரேகை, பாடப்புத்தகத்துப் படம் மாதிரி, வரிவரியாக எழுந்து வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாவின் ரேகையோடு ஒப்பிட்டாள், பொருந்தவில்லை. அப்பாவுடையதும் பொருந்தவில்லை. மிச்சம் யார்? எவ்வளவு சுலபம் பாருங்கள்!

"அப்ப இருளம்மாக்காதான்," என்றாள்.

அன்னத்தாய்க்கு முகம் செத்துப்போயிற்று. "அவளா? இருக்காதுடி."

"படிச்ச பிள்ள சொல்லுது," என்றார் தவசி. "விரல வச்சுப் பாப்பம். அவதான்னா நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிருவம்."

இருபது வருட வேலையும், ஊருக்குள் சம்பாதித்த நல்ல பேரும் அந்த மூடியில் தொங்கிக்கொண்டிருந்தன. இருளம்மாள் வந்தாள். ஓவியா மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். இருளம்மாள் மூடியை உற்றுப் பார்த்தாள்.

"இது என் ரேகைங்கிறியா, ஆத்தா?"

"சயின்ஸ் பொய் சொல்லாதுக்கா."

"எனக்கு ஏது ரேகை? கம்பியில கொடி கட்டிக் கட்டி, மருந்துத் தண்ணியில ஊறி, எல்லாம் தேஞ்சு போச்சு. ரேஷன் கடை மிஷின்ல எம்புட்டு அமுக்குனாலும் விழாது. கண்ண மிஷின்ல படம் புடிச்சுத்தான் அரிசி போடுறாக. அங்கன விழாத ரேகை இங்கன மட்டும் எப்புடி இம்புட்டுப் பளிச்சுன்னு விழுந்துச்சு?"

சொல்லிவிட்டு விரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அதில் ஒரு வரிகூட இல்லை.

தவசி தலையைக் குனிந்துகொண்டார். அந்த விரல் தேய்ந்தது அவருடைய பந்தலில். அன்னத்தாய்தான் மெல்லக் கேட்டாள்: "ஏன்டி, உன் ரேகைய எடுத்துப் பாத்தியா?"

சம்பவ இடத்தில் புழங்கிய அத்தனை பேர் ரேகையையும், தன்னுடையதையும் சேர்த்து, முதலில் எடுத்துக் கழித்துவிட வேண்டும். தேர்வில் அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். ஓவியா ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

பெருவிரலை வைத்தாள். வரிக்கு வரி பொருந்தியது. வந்த அன்று மாலை டீக்கு ஏலக்காய் எடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையைக் கவிழ்த்தாள். ஒன்பதாவது உறை: "பொருள்: காதணி, ஒரு ஜோடி, மஞ்சள் நிற உலோகம். இடம்: ஏலக்காய் டப்பா. நேரம்: மாலை 4.20. கைப்பற்றியவர்: ஓவியா." கீழே அழகான கையெழுத்து. எந்தத் திருடி இவ்வளவு ஒழுங்காக வாக்குமூலம் எழுதிவைத்திருக்கிறாள்?

"மன்னிச்சிருங்கக்கா," என்று ஓவியா அழுதாள்.

"அழுவாத, ஆத்தா," என்றாள் இருளம்மாள். மை விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

மறுநாள் ஓவியாவே தோட்டத்துக்கு டீ கொண்டுபோனாள். பந்தலடிப் பெண்கள் குடித்து முடித்த டம்ளர்களை முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்கள். "எதுக்கு வம்பு? நாளைக்கு டம்ளரக் காணோம்னா?" ஒரே சிரிப்பு. ஓவியாவும் சிரித்தாள், வேறு என்ன செய்ய? இருளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து டீ வேண்டுமென்றால் வாசலில் நின்றே கேட்கிறாள். சமையலறைக்குள் கால் வைப்பதில்லை.

நமக்கென்ன, நாம் தடயவியலா படிக்கிறோம் என்கிறீர்கள். சரி. தோட்டைக் காணோம் என்றதும் உங்கள் மனசு யார் பக்கம் போயிற்று? முதன்முதலில் இதைக் கேட்டபோது என் மனசு இருளம்மாள் பக்கம்தான் போயிற்று, ஒளிப்பானேன். உங்களிடமோ உறைகள் பதினான்கு என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் அந்தப் பக்கம்தான் போயிற்றா?

எங்கே, உங்கள் பெருவிரலைக் கொஞ்சம் காட்டுங்கள்.