நரிகள் அணியின் ஒன்பதாவது ஆள்

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் இந்தச் சனிக்கிழமை ஓநாய்களுக்கு எதிராக ஒரு ஓட்டமாவது எடுத்தே தீருவது என்று துஷாந்த் முடிவெடுத்தபோது, அவன் முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்று இட்டலிச் சட்டி உரஞ்சிக்கொண்டிருந்தான். பெரிய முடிவுகள் எல்லாம் அவனுக்கு அந்தச் சிங்கின் முன்னால்தான் வரும். வீட்டில் அவனைத் தனியாக விடுகிற இடம் அது ஒன்றுதான்.

ஓநாய்கள் என்றால் பக்கத்து ஊரான ஹோல்ம்லியாவின் ஓநாய்கள். பேஸ்போல் அணி. துஷாந்த் ஆடுவது தன் ஊரான மோர்டென்ஸ்ருட்டின் நரிகளுக்கு. வேலையிடத்து நண்பன் எலியாஸ் தொடங்கிய அணி. பிரிவில் மொத்தம் நான்கு: நரிகள், ஓநாய்கள், கரடிகள், பருந்துகள். காட்டில் எப்படியோ தெரியாது, புள்ளிப் பட்டியலில் நரிகள்தான் எல்லோருக்கும் இரை.

கரடிகளிடம் தோற்றதற்குத் துஷாந்தின் மட்டை காரணம். யாழ்ப்பாணத்துக் கிரிக்கெட்டில் வளர்ந்தவன் அவன். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று அவன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மட்டையோடு பறந்து போய், பந்தைப் பிடிக்க நின்ற கரடியின் முழங்காலில் ஒரு சாத்து. அவுட்.

பருந்துகளிடம் தோற்றதற்குத் துஷாந்தின் நிதானம் காரணம். பந்தை அழகாகத் தட்டினான். ஓட்டம் கிடைக்காது என்று கணித்தான். கையை உயர்த்தி "நோ!" என்று எதிர்முனைக்குக் கத்தினான். பேஸ்போலில் எதிர்முனை என்று ஒன்று இல்லை. அடித்தால் ஓடியே ஆக வேண்டும். அவுட்.

ஓநாய்களிடம் தோற்றதைப் பற்றி அவன் கதைப்பதில்லை. அன்றைக்கு அவர்களுடைய கப்டன் மார்க் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் காதுக்குள் நின்றது: "அந்த மட்டை என்ன உன் பிள்ளையா? கீழே இறக்கிவிடவே மாட்டாயா?"

நரிகள் எப்படியோ ஒரு ஆட்டம் வென்றிருந்ததால் இப்போது ஓநாய்களும் அவர்களும் சம புள்ளியில், அடியில் கிடந்தார்கள். சனிக்கிழமை கடைசி ஆட்டம். தோற்கிற அணிக்கு அடுத்த வருடம் கீழ்ப்பிரிவு. அங்கே எதிரணிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதைவிடப் பெரிய கவலை துஷாந்தின் சொந்தக் கவலை. பேஸ்போலில் மூன்று தளங்களையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ஓட்டம். கோடை முழுக்க அவன் ஒருமுறைகூட அப்படித் திரும்பி வரவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று மனைவி கஜேந்தினி குசினிக்குள் வந்தாள். "சனிக்கிழமை விடியவே வெளிக்கிட வேணும். லோரன்ஸ்கூக்கிலை அக்கா வீட்டுக் குடிபூரல். பால் காய்ச்சேக்கை நாங்கள் நிக்கோணுமாம்."

"சனிக்கிழமையோ?"

"ஓம். ஏன், ராசா எங்கையும் படையெடுத்துப் போறாரோ?"

"இல்லை... ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லோ நினைச்சன்."

"புது வீட்டுக்குப் போறதுக்கு உங்களைக் கேட்டே நாள் வைக்கிறது?"

துஷாந்த் சட்டியை இன்னும் பலமாக உரஞ்சினான். கஜேந்தினியின் அக்கா அருள்நாயகி மச்சாளின் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க வழியே இல்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை தருவார்கள். வேலை என்றால் முதலாளிக்கு போன் எடுப்பார்கள். செத்தால் மட்டும்தான் விடுவார்கள்.

செத்தால்!

சட்டி கையிலிருந்து நழுவியது.

"கஜி, உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. கனடாவிலை வரதர் பெரியப்பா மோசம் போயிட்டாராம்."

வரதர் பெரியப்பா அவனுடைய அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். உண்மையிலேயே செத்துப்போனவர்தான், என்ன, அது கொரோனாக் காலத்தில். உயிரோடு இருக்கிற ஒருவரைச் சாகடிக்கத் துஷாந்துக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே செத்தவர் இன்னொரு தரம் சாவதில் யாருக்கும் நட்டமில்லை. தகப்பன் வழிச் சாவு என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்குக்காரர் கோயிலுக்கோ நல்ல காரியத்துக்கோ போகக் கூடாது. பேஸ்போல் நல்ல காரியமா கெட்ட காரியமா என்று எந்த ஐயரும் இதுவரை சொன்னதில்லை.

கஜேந்தினி அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயோ, நல்ல மனிசன்! என்ன வருத்தம்?"

"நெஞ்சு."

"பாவம். அப்ப நீங்கள் குடிபூரலுக்கு வரேலாது."

"வரேலாதுதானே," என்று குரலைத் தாழ்த்தினான். காற்பெருவிரல்கள் செருப்புக்குள் கூத்தாடின. "நீர் பிள்ளையளோடை போயிட்டு வாரும். என்னைப் பற்றி யோசியாதையும்."

"நான் எப்பிடிப் போறது? உங்கட துடக்கு எனக்கும் துடக்குத்தானே."

இதை அவன் யோசிக்கவில்லை. அவன் திருத்த முயல்வதற்குள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். "அக்கா, எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை அக்கா!" என்று விம்மல் கேட்டது. நன்றாகத்தான் விம்மினாள். துஷாந்துக்கே வரதர் பெரியப்பாவை நினைத்துக் கண் கலங்கியது.

அடுத்த நாள் எலியாஸ் கூப்பிட்டான். அவன் குரலைக் கேட்டதுமே துஷாந்துக்குச் சந்தேகம் தட்டியது. அவ்வளவு அன்பு.

"துஷாந்த், உன் மனைவி எல்லாம் சொன்னாள். எங்கள் ஆழ்ந்த அனுதாபம்."

"என்ன சொன்னாள்?"

"துக்க காலத்தில் நீ விளையாடக் கூடாதாமே. உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்."

"இல்லை எலியாஸ், அது தூரத்துச் சொந்தம். நான் ஆடலாம்!"

"நீ அணிக்காக உன்னையே வருத்திக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம்."

"ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வியடா!"

"அதற்கும் ஆள் கிடைத்துவிட்டது. நீ வந்து பக்கத்தில் உட்கார். அது போதும்."

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனபோதுதான் அந்த ஒன்பதாவது ஆள் யாரென்று தெரிந்தது. துஷாந்தின் செம்மஞ்சள் சட்டையைப் போட்டு, அதன் கைகளை மடித்து, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கஜேந்தினி நின்றாள். பிள்ளைகள் இருவரும் "அம்மா! அம்மா!" என்று துள்ளினார்கள்.

துஷாந்த் அவளை ஓரமாக இழுத்தான். "என்னப்பா இது? உமக்கும் துடக்கெல்லோ!"

"என்ன துடக்கு? வரதர் பெரியப்பாவின்ர செத்தவீட்டை ரெண்டு பேருமாச் சூமிலை பாத்தனாங்கள். நான் அழுதனான். நீங்கள் சோபாவிலை குறட்டை."

துஷாந்த் தலையைச் சொறிந்தான்.

"தெரிஞ்சுகொண்டே அக்காவுக்கு அப்பிடி அழுதனீர்?"

"நூறு பேருக்கு வடை சுட என்னைத்தான் போட்டிருந்தவ. நல்ல நேரத்திலை பெரியப்பாவைச் சாக்காட்டினீங்கள். பெரிய உபகாரம்."

"அப்ப துடக்கே இல்லை. நானே விளையாடலாம்!"

"தாராளமா. எலியாசிட்டைப் போய், செத்த மனிசனை ரெண்டாந்தரம் சாக்காட்டினனான் எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே அக்காவுக்கும் ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கோ."

துஷாந்த் போய் மைதான ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்தான்.

ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நின்றன. மார்க் நேரே வந்து அவனைக் கட்டிப்பிடித்து, "அன்றைக்கு மட்டையைப் பற்றிச் சொன்னதை மன்னித்துக்கொள்," என்றான். கீழ்மாடியில் குடியிருக்கும் சென்னைக்காரன் கோபாலனும் நரிகளில் ஒருவன். அவன் குனிந்து, "எங்க ஊர்ல தீட்டும்பாங்க. அந்த சமயத்துல வாசப்படியே தாண்ட விட மாட்டாங்க. நீங்க கிரவுண்டு வரைக்கும் வந்திருக்கீங்களே, பெரிய மனசு பாஸ்," என்றான்.

ஆட்டம் தொடங்கியது. ஓநாய்கள் முந்தினார்கள். நரிகள் எட்டிப் பிடித்தார்கள். ஓநாய்கள் மறுபடி முந்தினார்கள். துஷாந்த் வாங்கின் நுனிக்கு வந்து, நுனியையும் தாண்டி, புல்லில் குந்தியிருந்தான். கடைசி இன்னிங்ஸ். நரிகளுக்கு இரண்டு ஓட்டம் குறைவு. இரண்டு பேர் அவுட். இன்னொருவர் அவுட்டானால் கதை முடிந்தது. தளங்களில் எலியாசும் கோபாலனும் ஓடத் தயாராக நின்றார்கள். மட்டையோடு நடந்து வந்தாள் கஜேந்தினி.

முதல் பந்து. மட்டையை வீசினாள், படவில்லை. ஓநாய்கள் ஊளையிட்டார்கள்.

இரண்டாவது பந்து. அதுவும் படவில்லை. இன்னும் ஒன்று தவறினால் அவுட்.

மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி, ஒரு காலைப் பின்னால் வைத்து, உடம்பை முறுக்கிக்கொண்டு அவள் நின்ற நிலையை அப்போதுதான் துஷாந்த் கவனித்தான். கலியாணம் பேசி வந்தபோது மாமா சொன்னது நினைவு வந்தது: பெட்டை படிப்பிலை கெட்டிக்காரி, எல்லே விளையாட்டிலை மாகாண மட்டம் வரை போனவள். பொல்லால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடுகிற அந்தப் பள்ளிக்கூட விளையாட்டைப் பற்றி அவன் மேற்கொண்டு ஒன்றுமே விசாரித்ததில்லை. அன்றைக்கு அவன் கவனமெல்லாம் பலகாரத் தட்டில் இருந்தது.

மூன்றாவது பந்து வந்தது.

'டங்!'

பந்து எழும்பியது. மார்க்கின் தலைக்கு மேலே போனது. வேலிக்கு மேலே போனது. வேலிக்கு அப்பால் நின்ற பேர்ச் மரங்களுக்குள் போய் மறைந்தது. அவள் மட்டையை எறிந்த வேகத்தில் அது புல்லில் இரண்டு தரம் கரணமடித்தது.

"ஓடும் கஜி! ஓடும்!" துஷாந்த் துக்கத்தை மறந்து குதித்தான். எலியாஸ் வந்து சேர்ந்தான். கோபாலன் "ஐயோ சாமி!" என்று கத்திக்கொண்டே வந்து சேர்ந்தான். கஜேந்தினி முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் சுற்றி, சிரித்துக்கொண்டே வந்து, கோடை முழுக்கத் துஷாந்த் கனவு கண்ட, புறப்பட்ட இடத்து வெள்ளைத் தட்டின் மேல் இரண்டு காலாலும் குதித்தாள்.

மூன்று ஓட்டம். நரிகள் வென்றார்கள்!

அணி முழுக்க அவளை மொய்த்தது. துஷாந்தின் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷமா பொறாமையா என்று அவனுக்கே தெரியவில்லை. எலியாஸ் ஓடி வந்து அவன் தோளைத் தடவி, "அடக்காதே, அழுதுவிடு," என்றான்.

எல்லோரும் கலையத் தொடங்கியபோது கஜேந்தினி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துஷாந்த் தொண்டையைச் செருமினான்.

"கஜி, நல்லா ஆடினீர். உண்மையாச் சொல்லுறன்."

"ம்ம்."

"இந்தத் துடக்கெல்லாம் முடிஞ்சிடும்தானே. அடுத்த வருசம் அணியிலை எனக்கு ஒரு இடம் தருவினமோ எண்டு எலியாசிட்டை ஒருக்காக் கேட்டுப் பாரும்."

"அவனிட்டை ஏன் கேப்பான்?" அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். "அடுத்த வருசம் கப்டன் நானாம். வீட்டை வாங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்."