சின்ன ரூமுக்குள் நான்கு நாடுகள்

சின்ன ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அதனால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவித்திருக்கலாம். அதற்குள் என் மனைவி பாத்ரூம் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"சின்ன ரூமை எப்போ காலி பண்ணப் போறீங்க?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமை."

"வர்ற சனிக்கிழமை, வர்ற சனிக்கிழமைன்னு ஏழு மாசம் ஆயிடுச்சு" என்று வயிற்றைத் தடவிக் காட்டினாள். அத்தாட்சியைக் கூடவே வைத்துக்கொண்டு பேசுகிறவளிடம் யார் வாதாட முடியும்?

எங்கள் வீட்டில் இரண்டரை ரூம். அந்த அரைதான் சின்ன ரூம். அதில் என் சாய்வு நாற்காலி, ஒரு மேஜை, ஐந்து ரேடியோக்கள். ரேடியோ ரிப்பேர் என் பொழுதுபோக்கு. ரிப்பேர் என்றால், நன்றாக இருக்கும் ரேடியோவை ரிப்பேர் ஆக்குவது. ரேடியோ போனாலும் பரவாயில்லை, நாற்காலிதான் எனக்கு உயிர். வேலை முடிந்து வந்து அதில் சாய்ந்தேனென்றால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே இடம் அது. இன்னும் பிறக்காத, ஒரு பைசா வாடகை தராத ஓர் ஆளுக்காக அதைக் காலி செய்யச் சொன்னால் மனசு கேட்குமா?

எனக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன் நான். இரவுப் பணி போட்டால் டிரைவர்கள் வந்து கெஞ்சுவார்கள். "சார், வீட்ல கைக்குழந்தை இருக்கு சார்" என்பார்கள். நான் தலையைக்கூட நிமிர்த்த மாட்டேன். "அட்டவணை அட்டவணைதான்" என்பேன். டிப்போவில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். நான் போகும்போது முதுகுக்குப் பின்னால், "அட்டவணை வருது" என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்ட நான் வீட்டில் ஒரு திட்டம் போட்டேன். மனைவியிடம் முடியாது என்று சொல்லக் கூடாது. சொன்னால் வம்பு. சனிக்கிழமைகளையே இல்லாமல் செய்துவிட வேண்டும். சனிக்கிழமை இருந்தால்தானே காலி செய்யச் சொல்வாள்?

"டாக்டரம்மா உன்னைச் சந்தோஷமா வெச்சுக்கச் சொன்னாங்கல்ல?" என்று ஆரம்பித்தேன்.

"சொன்னாங்க. அதுக்கு?"

"குழந்தை வந்துட்டா நாம எங்கேயும் போக முடியாது. அதனால ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குள்ளேயே ஒரு நாட்டுக்குப் போவோம். அந்த நாட்டுச் சாப்பாடு, அந்த நாட்டு அலங்காரம். நீயும் நானும் மட்டும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு சரியாத்தான் இருக்கா?"

"இருபது நாட்டைச் சீட்டுல எழுதி பிஸ்கட் டப்பாவுல போடறேன். நீதான் எடுக்கணும்."

"சரி. எங்க வெச்சுக்கறது?"

"ஹால்ல."

"ஹால்ல டிவி இருக்கு. டிவி இருந்தா நீங்க எந்த நாட்டுக்கும் வர மாட்டீங்க. சின்ன ரூம்ல வெச்சுக்கலாம்."

எனக்கு உள்ளூரக் குஷி. வாராவாரம் விருந்து நடக்கிற ரூமை யார் காலி செய்யச் சொல்வார்கள்? மறுநாள் ஆபீஸில், டைரியின் பின்பக்கத்து நாடுகள் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, வேலை வைக்காத நாடுகளாகப் பொறுக்கி எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பெயினை ஆசை ஆசையாக எழுதினேன். மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியாது. என்ன எழுதினேன் என்பதும் அடுத்த நாளே மறந்துபோகும். டிப்போவில் என் அட்டவணையைத் தட்டச்சு செய்ய ஓர் அம்மாளைத் தனியாக வைத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு மட்டும் அது தண்ணி பட்ட பாடு. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் கிறுக்குவதையே பதினோரு வருஷமாகப் படிக்கிறாள். ஆகவே சீட்டை எடுப்பதும் அவள்தான், படிப்பதும் அவள்தான். படித்த சீட்டை, "ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"ஜப்பான்."

"நல்ல நாடு. என்ன பண்ணணும்?"

"தரையில உக்காரணும். ரூம்ல ஒரு சாமான் இருக்கக் கூடாது. அவங்க வீடு அப்படித்தான் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

"என் நாற்காலி?"

"நாற்காலியில உக்காந்தா அது என்ன ஜப்பான்? ஒரு நாளைக்குத்தானே."

மேஜை போனது. ரேடியோக்கள் மூட்டையாகிப் பரணுக்குப் போயின. நாற்காலியைத் தூக்க எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வந்தார். என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அதனால் நான் கேட்காமலே அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

"மாப்ளே, இது நாற்காலியா, கப்பலா? ஒரு நாள்தானே, என் வீட்ல கிடக்கட்டும்."

பாய் விரித்து, ஜப்பான்காரர்களின் குச்சிக்குப் பதிலாகப் பின்னல் ஊசியை ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு, வேகவைத்த காயையும் சோற்றையும் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்பது அவளுக்குப் பொருந்தும். நான் துரத்தினேன். மறுநாள் நாற்காலியைக் கேட்கப் போனால் எலக்ட்ரீஷியன் அதில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். திரும்பி வந்து சொன்னேன்.

"இருக்கட்டுங்க. அடுத்த வாரம் எந்த நாடு வருமோ. சும்மா சும்மா தூக்கிட்டு அலையணுமா?" என்றாள். நியாயமாகப் பட்டது.

அடுத்த வாரம் கிரீஸ்.

"வெள்ளைச் சுவர், நீல ஓரம். அது இல்லாம கிரீஸ் கிடையாது."

"பெயிண்டுக்கு எங்க போறது?"

"கட்டிலுக்கு அடியில ரெண்டு டப்பா இருக்கு பாருங்க. வாசனையே வராத பெயிண்ட்."

"இதை எப்போ வாங்கினே?"

"எப்பவோ. தள்ளுபடியில போட்டிருந்தான்."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நான் பிரஷ்ஷைத் தேடினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்தேன். அவள் ஹாலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, "மூலையில விட்டுப் போச்சு பாருங்க" என்று கிரீஸை மேற்பார்வை பார்த்தாள். கடைசியில் ஹாலிலேயே வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டிப் போட்டு ஒரு தட்டு. என் தலையிலும் வெள்ளை விழுந்திருந்தது. தேய்த்துப் பார்த்தேன், பாதி பெயிண்ட் இல்லை.

மூன்றாவது வாரம் ஸ்வீடன்.

"ஸ்வீடன் நான் எழுதினதா ஞாபகம் இல்லையே."

"எழுதினது எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? சின்ன ரூமைக் காலி பண்றேன்னு காலண்டர்ல எழுதினீங்களே, அது இருக்கா?"

எனக்கு உடனே ஸ்வீடன் எழுதியது ஞாபகம் வந்துவிட்டது.

"அந்த ஊர்ல மேஜை நாற்காலியை முழுசா வாங்க மாட்டாங்களாம். பெட்டியில துண்டு துண்டா வரும். வீட்டுக்காரரே திருகாணி போட்டு மாட்டணும்" என்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளினாள். கூடவே ஒரு தாள். அதில் எழுத்தே இல்லை. ஒரு குண்டு மனிதன் சிரித்துக்கொண்டே திருகாணி முடுக்குகிற படங்கள் மட்டும். கடைசிப் பக்கத்தைக் காணோம்.

"முடிஞ்சா எப்படி இருக்கும்னு கடைசிப் பக்கத்துல இருக்குமே, எங்க?"

"அதுல மளிகைச் சாமான் எழுதிக் கொடுத்துட்டேன்."

நாலு மணி நேரம் முடுக்கினேன். நான்கு பக்கமும் கம்பி வைத்த, உயரக் கால் போட்ட ஒரு பெஞ்சு வந்தது.

"இதுல எப்படி உக்கார்றது? சுத்தி வேலி இருக்கே."

"குளிர் நாடுங்க. தூக்கக் கலக்கத்துல உருண்டு விழுந்துடக் கூடாதுல்ல."

நம்பினேன். என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாலு மணி நேரம் திருகாணி முடுக்கியவன் எதையும் நம்புவான். இரண்டு திருகாணி மிச்சமிருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டதைப் பார்த்துவிட்டாள். எதையும் சிரித்து மழுப்புகிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் கழட்டி முதல்லேருந்து மாட்டுங்க. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது."

மாட்டினேன்.

நான்காவது வாரம் நார்வே. கோடைக்காலத்தில் அங்கே சில ஊர்களில் சூரியனே மறையாதாம். மக்கள் தூங்குவதற்குத் தடித்த திரைச்சீலை தொங்கவிடுவார்களாம். தொங்கவிட்டேன். திரைச்சீலையில் குட்டிக் குட்டி யானைகள். நார்வேயில் யானை உண்டா என்று கேட்டேன். "இல்லைங்கறதாலதான் திரையில போட்டுக்கறாங்க" என்றாள்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா ஃபைலைத் திறந்தார். நான்கு சீட்டுகள் மேஜைமேல் விழுந்தன. கையெழுத்துப் படிப்பதில் நர்ஸம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை.

"என்ன சார் இது? பிரேசில், கென்யா, இத்தாலி, ஸ்பெயின்னு எழுதியிருக்கு. பிள்ளைக்குப் பேரா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இத்தாலி வந்துதா?"

"வந்துது."

"ஸ்வீடன்னு படிச்சியா?"

"படிச்சேன்."

"ஸ்பெயின்கூட வந்துதா? நான் மத்தியானம் தூங்கியிருக்கலாமே. மருந்துக் கடையிலயும் இப்படித்தான் படிப்பியா?"

"கடையில எழுதியிருக்கறதைப் படிப்பேன். வீட்ல தேவையானதைப் படிப்பேன்" என்றவள், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சின்ன ரூம் கதவைத் திறந்தேன். வெள்ளைச் சுவர், நீல ஓரம், யானைத் திரை. நடுவில் என் ஸ்வீடன் பெஞ்சு. அதில் அவள் எப்போதோ ஒரு குட்டி மெத்தையைப் போட்டு, கைக்குட்டை அளவுக்கு ஒரு சட்டையை மடித்து வைத்திருந்தாள். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னொரு தடவையும் ஆட்டிப் பார்த்தேன். என் பிள்ளை படுக்கப் போகிற தொட்டிலை என் கையால் இரண்டு தடவை மாட்டியிருக்கிறேன். அந்த இரண்டு திருகாணிக்கு அவள் ஏன் அப்படி முறைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, ரூம் போகட்டும். ரூமைப் பிள்ளைக்கே கொடுத்தேன். ஆனால் நாற்காலி? மூலையில் இரண்டரை அடி இடம் காலியாகத்தானே இருக்கிறது? அவள் வித்தையை அவளிடமே காட்டுவது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை டப்பாவை நானே எடுத்தேன்.

"இன்னைக்குச் சீட்டை நான் எடுக்கறேன். நானே படிக்கறேன்."

"உங்க எழுத்து உங்களுக்குப் புரியுமா?"

"எல்லாம் புரியும்."

ஒரு சீட்டை எடுத்தேன். பிரிக்கிற மாதிரி பாவனை செய்து, உள்ளே பார்க்காமலே உரக்கப் படித்தேன். "சுவிட்சர்லாந்து."

"ஓ. அங்க என்ன விசேஷம்?"

"குழந்தை ரூம்ல அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டே ஆகணும். அந்த நாட்டுச் சட்டம். மீறினா அபராதம்."

"சட்டமா? அப்போ நாம என்ன செய்ய முடியும்? போய்க் கொண்டு வாங்க."

ஆறு வருஷ தாம்பத்தியத்தில் நான் கேட்ட எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி என்றதில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான்தான் சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேனே.

எலக்ட்ரீஷியன் நாற்காலியைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தார். "தங்கச்சி காலையிலேயே சொல்லிட்டா மாப்ளே. கைப்பிடியில ஒரு வளையம் வெச்சிருக்கேன், பாட்டில் வெச்சுக்கலாம். சின்னதா ஒரு லைட்டும் போட்டிருக்கேன், கண்ணைக் கூசாது."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை. என் தண்ணீர் பாட்டிலுக்கு வளையம், நான் பேப்பர் படிக்க லைட் என்று பூரித்துப்போனேன். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டோம். அவர் போனதும் சாய்ந்தேன். நாலு வாரத்துக்குப் பிறகு முதுகுக்கு மோட்சம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

"வசதியா இருக்கா?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள்.

"ரொம்ப."

"கை நீட்டினா தொட்டில் எட்டுதா?"

நீட்டிப் பார்த்தேன். "எட்டுது."

"வளையத்துல பால் பாட்டில் நிக்கும்ல?"

கண்ணைத் திறந்தேன். "பால் பாட்டிலா? எதுக்கு?"

"சுவிட்சர்லாந்துச் சீட்டை முழுசாப் படிச்சீங்களா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து இல்லை. முத்து முத்தாக அவள் கையெழுத்து, எனக்குக்கூடப் புரிகிற மாதிரி. எழுந்து போய் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதே வரிதான்:

"நாற்காலி உங்களுக்கு. இரவுப் பணியும் உங்களுக்கு. அட்டவணை அட்டவணைதான்."