என் மகனின் வாத்தியக்குழுவைத் தயவுசெய்து திட்டவும்

கேன்டர்பரி,
1974 ஏப்ரல் 11, வியாழன் காலை.

லண்டனில் பாட்டு வாரப் பத்திரிகை நடத்திவரும் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, ரயில்வேயில் முப்பத்து நாலு வருடம் கைகாட்டி ஏற்றி இறக்கி ஓய்வுபெற்ற சிரில் ஹாப்டே பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி எட்னாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தங்களால் ஒரு உபகாரம் ஆக வேண்டும். என் மகன் டெரன்ஸ் டிரம்ஸ் வாசிக்கும் 'ஏழாவது அலமாரி' என்ற வாத்தியக்குழுவின் புது இசைத்தட்டைத் தங்கள் அடுத்த இதழில் கண்டபடி திட்டி எழுத வேண்டும். மற்ற அப்பன்மார் பாராட்டச் சொல்லித்தான் எழுதுவார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் நல்ல நிதானத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளைக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், ஐயா.

படம் வரையக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இவனைக் கலைக்கல்லூரிக்கு அனுப்பினோம். அங்கே பல் டாக்டர் மகன் லயனல் என்று ஒருத்தன் வந்து ஒட்டிக்கொண்டான். ஆறு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். ஆறில் ஒருத்தனும் அதன்பிறகு தூரிகையைத் தொடவில்லை. போகட்டும், முதல் இசைத்தட்டு நன்றாகவே இருந்தது. பாட்டுக்கு மூன்று நிமிடம். எட்னா பாத்திரம் கழுவிக்கொண்டே ஆடி இரண்டு தட்டை உடைத்தாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் உங்கள் விமர்சகர் ஜூலியன் ஃபென்விக் எழுதினார்: 'இனிமை இருக்கிறது, துணிச்சல் போதாது.' ஏன் ஐயா அந்த மனுஷனுக்கு இந்த வேலை? மறுவருடமே பாட்டு பதினோரு நிமிடம் ஆயிற்று. 'துணிச்சல்!' என்று எழுதினார். அதற்கடுத்த வருடம் இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். பாட்டு ஆரம்பிக்கும்போது எட்னா உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். அது குழைந்து கூழாகி அடிப்பிடித்த பிறகும் லயனல் ஆலாபனையை முடிக்கவில்லை. அதற்கும் பாராட்டு! உங்கள் ஆள் ஒரு முறை கை தட்டினால் இங்கே பத்து நிமிடம் நீளுகிறது.

இப்போது வந்திருப்பது ஒரு நத்தை நீதிபதியாகித் தனக்கே தண்டனை கொடுத்துக்கொள்ளும் கதை. இரண்டு தட்டு, நாலு பக்கம். நாலு பக்கமும் ஓடி முடிந்தும் நத்தை நீதிமன்ற வாசலைத்தான் எட்டியிருக்கிறது. தீர்ப்பு இரண்டாம் பாகத்திலாம்.

இதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பெண் பெயர் மொரீன் பாஸ்க். துணிக்கடையில் காலுறைப் பகுதியில் நிற்கிறாள், தங்கமான பெண். பத்திரிகைக்காரர்கள் கோயில் பக்கம் போவீர்களோ என்னவோ, அதனால் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். முதல் முறை வாசித்தபோது நத்தை பிறந்துகொண்டிருந்தது, இவனால் ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வர முடியவில்லை. இரண்டாம் முறை, காலிக் குளியல்தொட்டியைக் கல்தரையில் இழுக்கும் சத்தம் லயனலுக்குத் திருப்தியாக வரவில்லை; ஒன்பது தொட்டி இழுத்தார்கள். மூன்றாம் முறை இந்த ஜனவரியில் பாதிரியார் ஓலையைக் கையிலெடுத்ததுமே சபை முழுக்க அவரோடு சேர்ந்து ஒப்பிக்கிறது, ஐயா! "இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று அவர் கேட்டார். கடைசி வரிசையில் மிஸஸ் கிரவுச் எழுந்து நின்று, "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. அந்த நத்தைக்குத்தான் இருக்கும்போல!" என்றாள். பாதிரியாரும் சேர்ந்து சிரித்தார். நான் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த ஓலைக்கு ஏப்ரல் இருபதாம் தேதி சனிக்கிழமையோடு ஆயுசு முடிகிறது. இவன் என்ன செய்கிறான்? கோயில் ஆர்கன்காரரிடம் போய்க் கல்யாண ஊர்வல இசையைப் பதினோரு தட்டுத் தாளத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறான். ஒத்திகையில் மொரீனை அழைத்து வந்த அவள் அப்பா ஏழாவது அடியில் கால் பின்னி ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "என்னப்பா டெரன்ஸ், நான் நடக்கணுமா, நொண்டணுமா?" என்று கேட்டார் பாவம்.

போன ஞாயிறு தேநீர் வேளையில் லயனல் வந்தான், பிஷப்மார் அணியும் அங்கி போட்டுக்கொண்டு. தெருவில் இரண்டு கிழவிகள் அவனிடம் ஆசீர்வாதம் வாங்கினார்களாம். கேக்கில் பாதியைத் தின்றுவிட்டுச் சொல்கிறான்: "அங்கிள், ஃபென்விக் நல்லா எழுதிட்டார்னா ஈஸ்டர் கழிச்சு உடனே வேல்ஸ் கிளம்பறோம். ஒரு பண்ணைவீட்ல ஆறு மாசம். ரெண்டாம் பாகம்!"

"கல்யாணம்?" என்றேன்.

"நத்தை இன்னும் தீர்ப்பே சொல்லலப்பா," என்றான் என் சீமந்த புத்திரன். "பாதியில விட்டுட்டு நான் எப்படி மோதிரம் போடறது?"

"நீ மோதிரம் போடறதுக்குள்ள அவ விரல் சுருங்கிப் போயிடும்டா!"

மொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "மாமா, ஆஸ்திரேலியால எங்க சித்தி கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இருபதாம் தேதி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கப்பல்தான்," என்றாள். 'திட்டி எழுதினால் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் கைகழுவிடுவான், எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்' என்று லயனலே அப்போது வாய்விட்டான். அந்த வார்த்தையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே அடுத்த வியாழன் இதழில் மூச்சுவிடாமல் திட்டுங்கள். இழுவை என்று எழுதுங்கள். தூக்கம் வருகிறது என்று எழுதுங்கள். ஆறு பேரில் ஒருத்தனையும் விடாதீர்கள். சொல் கிடைக்காமல் திண்டாடினால் எட்னாவைக் கேட்டு எழுதி அனுப்புகிறேன், அவளிடம் நிறைய இருக்கிறது. ஒரு குடும்பத்தில் விளக்கேற்றி வைத்த புண்ணியம் உங்களைச் சேரும்.

தங்கள் குலம் விளங்கவும், பத்திரிகை பல பதிப்புக் காணவும், திரு. ஃபென்விக் அவர்களின் காது கடைசிவரை தெளிவாக இருக்கவும் வாழ்த்தி முடிக்கும்,
தங்கள் பணிவுள்ள,
சிரில் ஹாப்டே.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மொரீன் உங்கள் இன்றைய இதழோடு ஓடிவந்தாள். முந்திக்கொண்டீர்கள். 'முடிவில்லாத கொட்டாவி' என்று போட்டிருக்கிறது. 'டிரம்ஸ்காரர் ஏணியோடு விழுந்த பாத்திரக்கடை' என்று போட்டிருக்கிறது. டெரன்ஸ் நின்றபடியே படித்தான், மடித்து வைத்தான். "அவர் சொல்றது சரிதாம்ப்பா. கல்யாணத்தை இருபதாம் தேதியே வச்சுக்கலாம். டிரம்ஸை வித்துடறேன்," என்றான். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஐயா. ஆனால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எட்னா அழுகிறாள். மொரீன் போட்டாள் ஒரு சத்தம்: "டிரம்ஸை வித்தா கல்யாணமே கிடையாது! வேல்ஸ் போய் முழுசா முடிச்சிட்டு வா. ஆஸ்திரேலியா எங்கயும் ஓடிப்போயிடாது!"

யாருய்யா அந்த ஃபென்விக்? இசைத்தட்டின் மூன்றாம் பக்கத்தில் பதினாலாவது நிமிடம் கேட்டானா அவன்? மற்ற ஐந்து பேரும் அடங்கிப்போய், என் பிள்ளை ஒருத்தன் மட்டும் இடது கையால், தூங்குகிற குழந்தை விழித்துவிடாமல் கதவைத் தட்டுகிற மாதிரி வாசிக்கிறானே, அது பாத்திரக்கடையா? அதை நான் பதினெட்டு தடவை கேட்டாயிற்று, வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த இதழில் மன்னிப்பு அச்சாக வேண்டும், முதல் பக்கத்தில். என் மகனைத் திட்ட நான் இருக்கிறேன். நீங்கள் யார்?