ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் நான் எழுதியது

மாதர் சங்க இதழின் ஆசிரியர் ஜீவமணி டீச்சர் அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு ஜெஸ்மி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள் டீச்சர். இந்த மாத இதழில் போடும் காணிக்கைப் பட்டியலில் ஜெபசுதா சித்தியின் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்பா வாசித்தால் சித்தி எங்கள் மாடி அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

புற்றுநோய் வந்து இரண்டு வருஷத்துக்கு முன் சித்திக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சிலிக்கான் வைத்து, ஒத்திருக்க மற்றதையும் கொஞ்சம் பெரிதாக்கும் ஆபரேஷனுக்குச் சித்தி ஆசைப்பட்டார்கள். "நாப்பத்திரண்டு வயசுல இது என்னத்துக்கு? என் வீட்டுல இருந்துக்கிட்டு நடக்காது" என்றார் அப்பா. அதனால் பித்தப்பையில் கல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அம்மாவோடு மதுரைக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தார்கள். பார்க்க வந்த பிச்சம்மாள் பெரியம்மா, "எடுத்த கல்லக் காட்டுளா" என்று உட்கார்ந்துவிட்டார்கள், நான் மணப்பாட்டுக் கடற்கரையில் பொறுக்கிய நாலு கல்லைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தேன், "இது என்னளா, கல்லுல சிப்பி ஒட்டியிருக்கு?" என்றார்கள், "கடற்கரை ஊர்ல அப்படித்தான் பெரியம்மா" என்றேன், நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கான ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைச் சித்தி என்னிடம் கொடுத்து, "பித்தப்பைக் கல்லுன்னே எழுதிப் போட்டுருளா" என்றார்கள். காணிக்கையில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்தது எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையையே எழுதிவிட்டேன். போதகர் அதை மைக்கில் வாசிப்பார் என்பது மறந்தே போனது. "மார்பக" என்று தொடங்கியவர் ஒருதரம் இருமிவிட்டு முழுதும் வாசித்தார். சித்தி எழுந்து, தலையைக் குனியாமல், நேராக ஆல்டருக்கு நடந்துபோய் முழங்காலிட்டார்கள். நல்லவேளை, அப்பாவுக்கு அன்று துறைமுகத்தில் ஷிப்டு, இதுவரை யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சித்தி கணக்கு டீச்சர் அல்லவா, வகுப்பெடுப்பதுபோலவே சொன்னார்கள். ஒரு வாரம் குழாய் தொங்கும், ஒன்றரை மாசம் கையை மேலே தூக்கக்கூடாது, மல்லாந்துதான் தூங்கணும், வீக்கம் இறங்க மூணு மாசம், தொட்டால் மரத்திருக்கும், சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போகும், வச்சது ஆயுசுக்கும் வராது, மாத்த வேண்டியிருக்கும்.

பிச்சம்மாள் பெரியம்மா கடைசியில் வாயைத் திறந்தார்கள். "எனக்கும் ஒண்ணு இல்லளா. ஒம்பது வருசமா கைக்குட்டைய மடிச்சு வச்சிக்கிட்டு அலையுதேன். டாக்டர் பேரச் சொல்லு." பிறகு என்னைப் பார்த்து, "பித்தப்பையில சிப்பி முளைக்குமாக்கும்" என்றார்கள்.

உங்கள் ஊழியத்தைக் கர்த்தர் மேன்மேலும் ஆசீர்வதிப்பாராக.

ஜெஸ்மி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் திரும்ப வாசித்தேன். பெரியம்மா நம் இதழை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர்கள். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு வரி அதில் வரவே இல்லை. அதனால் மேலே கேட்டதை விட்டுவிடுங்கள் டீச்சர். சித்தி சம்மதித்தால் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு. அல்லது ஞாயிற்றுக்கிழமை. கதவைத் தட்டுகிறார்கள். "ஏளா, இன்னும் லைட்டு எரியுது?" அப்பாதான். ஒளிக்கவில்லை டீச்சர், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திறக்கப் போகிறேன்.