சுவர் சம்மதித்தால்தான் வீடு

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் பழைய நகரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காலை ஏழு மணிக்கே வரிசை கடைத்தெருவின் முனையைத் தொட்டுவிடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதச் சுருள். வீடு கட்ட நினைப்பவர் கையில் வரைபடம். கடை வைக்க நினைப்பவர் கையிலும் வரைபடம். கட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் மகளின் மதிப்பெண் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் தன் முழங்கால் எக்ஸ்ரேயையே சுருட்டிவிட்டார். முழங்காலுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள், கூட்டம் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

இத்தனை பேரும் வந்தது சுவர்ச்செவியாரைப் பார்க்க.

பழைய நகரத்தில் கீழே கடை, மேலே வீடு என்று புதிதாக ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமானால் நகராட்சியின் வடிவமைப்பு ஆய்வுக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். உயரம் பக்கத்து வீட்டை மிஞ்சுகிறதா, ஜன்னல் வரிசை தெருவோடு ஒத்துப்போகிறதா, கடை வாசல் நடைபாதையை விழுங்குகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நல்ல ஏற்பாடுதான். பார்த்திருந்தால்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் சுவர்ச்செவியார் குழுக் கூட்டத்தின் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, ஒரு வரைபடத்தைக் காட்டி, "இதுக்குத் தெரு சம்மதிக்கலை" என்றார். அந்தக் கட்டடத்தின் மழைத்தடுப்பு ஆறாவது மாதம் கீழே விழுந்தது. ஒப்பந்தக்காரர் கம்பியில் கைவைத்ததால் விழுந்தது என்று நகராட்சிப் பொறியாளர் பதினோரு பக்க அறிக்கை எழுதினார். பதினோரு பக்கத்தை யார் படிப்பது? 'சம்மதிக்கலை' என்பது ஒரே சொல். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. குழுவும் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து குழு வரைபடத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டது. சுருள் சுருளாகவே மேசைக்கு வரும். சுவர்ச்செவியார் அதை எடுத்து ஒரு முனையைக் குழு கூடும் மன்றத்தின் பழைய சுவரில் வைப்பார், மறுமுனையைத் தன் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். சுவர் பாடினால் அனுமதி. சுவர் அழுதால் மறுப்பு. ஒரு மணிக்குள் கூட்டம் முடிந்து தலைவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்விடலாம். இதைவிட நல்ல ஆய்வு முறை உலகத்தில் வேறு உண்டா?

அழுத சுவரைச் சமாதானப்படுத்த வழியும் இருந்தது. மன்றத்தின் கீழே, மாடிப்படிக்கு அருகில், சுவர்ச்செவியாரின் மச்சான் ஒரு மேசை போட்டுச் 'சம்மதக் கல்' விற்றார். அதை வாங்கி அஸ்திவாரத்தில் வைப்பதாகச் சொன்னால், அடுத்த செவ்வாய்க்கிழமை அதே சுவர் அதே சுருளுக்குத் தாலாட்டே பாடும். வடிகால் வேலைக்காகத் தெருவைத் தோண்டியபோது பெயர்த்துப் போட்ட நடைபாதைக் கல்லும் சம்மதக் கல்லும் ஒரே நிறத்தில் இருந்தன. தற்செயல்தான். நாம் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

இதையெல்லாம் மூலையில் உட்கார்ந்து இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் குழு அலுவலகத்தின் வரைவாளர். சுருள்களுக்கு எண் போட்டு மேசைக்குக் கொண்டுவருவது அவள் வேலை. எல்லாம் தெரியும். ஆனால் மாதச் சம்பளம் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. அடுத்தவர் வீட்டுச் சுவர் அழுதபோதெல்லாம் பென்சில் சீவிக்கொண்டிருந்தவள் தானே என்று நினைக்கும்போது அவளுக்கே கூசும். அண்ணியின் வரைபடத்துக்குச் சுவர் மூன்றாவது முறை அழுத பிறகுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. ஊரில் பலருக்கும் அப்படித்தான் வருகிறது, அவளை மட்டும் என்ன சொல்ல?

அண்ணி தையல்காரி. பழைய நகரத்தின் குறுக்குச் சந்தில் அவளுக்குச் சின்னதாக ஒரு மனை இருந்தது. கீழே தையல் கடை, மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான் அவள் ஆசை. இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்காவது முறையும் மறுக்கப்பட்டால் அந்த மனை 'கட்டக் கூடாத' பட்டியலுக்குப் போய்விடும், பத்து வருடத்துக்கு ஒரு செங்கல் வைக்க முடியாது.

திங்கட்கிழமை மாலை வரைவாளர் போனபோது அண்ணி தையல் இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும்.

"என்ன அண்ணி, இவ்வளவு பளபளன்னு?"

"ஆள் வந்து பாக்கப் போறாங்க. உங்க அண்ணன் ஏற்பாடு பண்ணிட்டாரு. வித்துட்டு அந்தக் கல்லை வாங்கிடலாம்னு."

"மெஷினை வித்துட்டுத் தையல் கடை கட்டப் போறீங்களா?"

அண்ணி துடைப்பதை நிறுத்தினாள். "அதை நான் யோசிக்காம இல்ல. ஆனா சுவர் அழுதுச்சுன்னு சொல்றாரே அவரு. மூணு தடவை அழுதிருக்கு."

"உங்க வரைபடத்தை அவர் பிரிச்சே பாக்கலை அண்ணி. மூணு தடவையும் நான் கட்டின ரப்பர் வளையம் அப்படியே திரும்பி வந்துச்சு."

"நிஜமாவா?"

"மஞ்சக் கலர் வளையம். வேணும்னா அவருகிட்டயே கேளுங்க, உள்ள எத்தனை ஜன்னல்னு."

அண்ணிக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும், வந்தால் உட்காராது. எழுந்து நின்றாள். "நான் ஒரு சட்டைக்குக்கூட அளவு எடுக்காமத் துணியில கத்திரி வைக்க மாட்டேன். இவங்க என் வீட்டையே பாக்காம வெட்டுறாங்களா?"

"நாளைக்கு ஒரு காரியம் பண்ணப் போறேன். தப்பாப் போச்சுன்னா மனையும் போகும், என் வேலையும் போகும். நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

 அண்ணி இயந்திரங்களின் மேல் துணியைப் போட்டு மூடினாள். "ஆளை வர வேணாம்னு சொல்லிடறேன். நீ பண்ணு."

மறுநாள் மன்றம் நிரம்பி வழிந்தது. படிக்கட்டிலும் ஆட்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பொறியாளர். வலது பக்கம் வரலாற்றுப் பேராசிரியர். இடது பக்கம் ஜன்னலம்மா. எந்தக் கட்டடம் வந்தாலும் ஜன்னலில்தான் குறை கண்டுபிடிப்பார் என்பதால் அந்தப் பெயர். முன்வரிசையில் அண்ணி, மடியில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வரைவாளர் ஒரு சுருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "குறுக்குச் சந்து மனை. நாலாவது தடவை."

"கல் வாங்கிட்டாங்களா?" சுவர்ச்செவியார் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அண்ணி.

அவர் முகத்தில் ஒரு துயரம் வந்தது. சுருளை எடுத்துச் சுவரில் வைத்தார். காதைக் கொடுத்தார். கண்ணை மூடினார். மன்றத்தில் இருமல்கூட நின்றது. அவருடைய கண்ணோரம் நனைந்ததைப் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பெண்கள் சேர்ந்து அழுதார்கள். அழுகைக்குத் துணை வேண்டும் அல்லவா?

"ஐயோ" என்றார் சுவர்ச்செவியார். "இந்தச் சுவர் இப்படிக் கதறி நான் கேட்டதே இல்லை. இந்தக் கட்டடம் தெருவுக்கே பகை. இது எழும்புனா ஒரு வருஷம் தாங்காது. உள்ள இருக்கிற ஒருத்தரும் தப்ப மாட்டாங்க."

தலைவர் தலையாட்டினார். "அளவு ரொம்ப மிஞ்சிப் போச்சு. அப்பவே நினைச்சேன்."

"நம்ம தெருவோட வரலாற்றுக்குக் கொஞ்சம்கூட மரியாதை இல்லாத வடிவம்" என்றார் பேராசிரியர்.

"ஜன்னல்ல நாகரிகமே இல்லை" என்றார் ஜன்னலம்மா. சுருள் இன்னும் சுருளாகவே இருந்தது, ரப்பர் வளையத்தோடு.

"அப்படியே எழுதிக்கறேன்" என்றாள் வரைவாளர். ஒரு வரி விடாமல் குறிப்பேட்டில் எழுதினாள், வாசித்துக் காட்டினாள், மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். சுவர்ச்செவியாரும் பெருமையாக ஒரு கையெழுத்துப் போட்டார். அண்ணி அட்டைக் குழாயை இன்னும் இறுக்கி அணைத்தாள். நான்காவது மறுப்பு காகிதத்தில் ஏறிவிட்டது.

"ஐயா, ஒரு தடவை உறுதிப்படுத்திக்கறேன். சுவர் தப்பா சொல்லாதுல்ல?"

"சுவருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"சரி." வரைவாளர் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். மேசையின் மேல் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் தண்ணீர் டம்ளர்களை வைத்தாள்.

தலைவர் குனிந்து பார்த்தார். கீழே இரண்டு கடை. மேலே ஒரு பெரிய கூடம். கூடத்தின் நடுச்சுவரில் வட்ட ஜன்னல் ஒன்று. அவர் மெதுவாகத் திரும்பித் தன் தலைக்குப் பின்னால் இருந்த வட்ட ஜன்னலைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். மூலையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆய்வுக் குழு மன்றம். உள்ளபடி அளந்து வரைந்தது.'

"இது நாம உக்காந்திருக்கிற கட்டடம்" என்றார்.

"ஆமாங்க. நூத்தி முப்பது வருஷமா நிக்குது. போன வருஷம் பழுது பாக்கறதுக்காக நான்தான் அளந்து வரைஞ்சேன். இந்தத் தெருவுலயே மிக அழகான கட்டடம்னு பேராசிரியர் ஐயா ஒரு கட்டுரைகூட எழுதியிருக்காங்க."

பேராசிரியர் குறிப்பேட்டிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். அதன்மேல் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்கப் பார்த்தார். ஜன்னலம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார்.

"எங்கேம்மா போறீங்க?" என்றார் தலைவர்.

"ஒருத்தரும் தப்ப மாட்டாங்கன்னாரே. கீழ கொஞ்சம் வேலை இருக்கு." நம்பிக்கை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்.

சுவர்ச்செவியார் சளைத்தவர் அல்ல. "சுவர் தன்னோட சொந்த வேதனையைச் சொல்லியிருக்கு! அதைத்தான் நான்..."

"அப்போ இந்த உம்முன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதுதானே அழுகை?" என்று அண்ணி எழுந்தாள். மடியிலிருந்த அட்டைக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் காற்றில் நீட்டினாள். "இதோ, எனக்கும் கேக்குது. முன்னாடி சுவரே இல்லை. எந்தக் குழாயைக் காதுல வச்சாலும் இந்த இரைச்சல்தாங்க. நான் தினமும் இதுலதான் துணி சுத்துறேன், ஒரு நாளும் எனக்கு இது அனுமதி குடுத்ததில்லை."

முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த சுருளைக் காதில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். ஒரு நிமிடத்தில் மன்றம் முழுக்கக் காதும் சுருளுமாக இருந்தது. எல்லாச் சுருளும் ஒரே மாதிரி இரைந்தன. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவுவதற்குள் சுவர்ச்செவியார் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டார். கீழே மச்சான் மேசையை மடித்துக்கொண்டிருந்தார், கற்களை மட்டும் விட்டுவிட்டு. கல் கனம், ஓடுவதற்கு உதவாது.

வரைவாளர் மறுப்பு எழுதிய பக்கத்தைத் தலைவர் பக்கம் நகர்த்தினாள். "இதை ரத்து பண்ணணுமா, இல்ல மன்றத்தையே பட்டியல்ல சேக்கணுமா?"

தலைவர் பேனாவை எடுத்துப் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டார். அண்ணி குழாய்க்குள்ளிருந்து தன் வீட்டை உருவி மேசைமேல் விரித்தாள். குழு இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. அரை மணி நேரம் பார்த்தார்கள். தலைவர் ஒரு பொறியாளர் என்பது அவருக்கே ஞாபகம் வந்தது. "மேல்மாடி முகப்பு பக்கத்து வீட்டுப் பக்கம் அரை அடி நீளுதும்மா. அதைக் குறைச்சா மத்ததெல்லாம் சரி" என்றார்.

"அரை அடிதானே? வெட்டிடலாம். அதுதாங்க என் தொழில்" என்றாள் அண்ணி. சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. நிஜ அழுகை, இரைச்சல் இல்லாதது.

இருவரும் கீழே இறங்கியபோது தெருவில் கூட்டம் வழிமறித்தது. ஏமாந்ததற்காகக் கோபப்பட்டவர்கள் சிலர். ஏமாற்றியவரை விரட்டிவிட்டார்களே என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். சட்டை மடிப்புக் கலையாத ஒரு பெரிய மனிதர் முன்னால் வந்து அண்ணியிடம் மரியாதையாகக் கேட்டார்:

"அம்மா, அந்த அட்டைக் குழாய் எந்தக் கடையில கிடைக்கும்? நாங்களே வீட்டுல வச்சுக் கேட்டுக்கறோம்."

 அண்ணிக்கு முன்னால் வரைவாளர் பதில் சொன்னாள். "உங்க கையில இருக்கிறது என்னங்க?"

"என் கடையோட வரைபடம்."

"எத்தனை ஜன்னல்?"

அவர் விழித்தார்.

"பிரிச்சு எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் சுருளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தையும் திரும்பிப் பார்த்தார். எண்ணுவதற்கும் யாராவது ஒருவர் சம்மதம் தர வேண்டும் என்று காத்திருந்தார். மக்களே, உங்கள் காகிதத்தை நீங்களே பிரிக்கும்வரை சுவர்ச்செவியார்களுக்கு வேலை போகப்போவதில்லை. சுவருக்குத்தான் மூளை இல்லை, உங்களுக்குமா?